பயனர் பதினேழு

கதவு மூடியதும் காதுக்குள் யாரோ ஈரப் பஞ்சை வைத்து அழுத்தினதுபோல் இருந்தது. இத்தனை வருஷமும் சத்தம் என்ற ஒன்று என்னைச் சுற்றி இருந்துகொண்டே இருந்திருக்கிறது, அது போன பிறகுதான் தெரிகிறது, ஃபேன் இல்லை, தெருவில் வண்டி இல்லை, பக்கத்து வீட்டு மிக்சி இல்லை, என் மூச்சு மட்டும், அதுகூட வேறு யாரோ பக்கத்தில் உட்கார்ந்து விடுகிற மூச்சு மாதிரி. ஏசியை நிறுத்திவிட்டார்கள், அதுவும் சத்தம் போடுமாம். சுவரெல்லாம் முட்டை அட்டைபோலக் கறுப்புப் பஞ்சு. எதிரே ஒரு சின்னக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஜெயசீலன், என் மாப்பிள்ளை, என் அமலியின் புருஷன், கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறார், நானும் தூக்கிக் காட்டுகிறேன். காதில் ஹெட்போன், மடியில் ஒரு பலகை, அதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை பொத்தான்கள். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் மிக நன்று. ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான், நடுவில் நிறுத்த வேண்டுமென்றால் அமுக்கலாம். “நிறுத்தினா ஏன்னு ஒரு படிவம் இருக்கு அத்தை, நான்தான் உக்காந்து உங்ககிட்டக் கேட்டு நிரப்பணும்” என்றார் சிரித்துக்கொண்டே. அதனால் அந்தப் பொத்தான் எனக்கு இல்லை. நாற்பது துண்டு வரும், ஒவ்வொன்றும் பத்து செகண்டு. முதலாவது வந்துவிட்டது, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒருவர், மாடியில் காயும் துணியை மழைக்கு முன் எடுத்து வை என்கிறார், தெளிவான குரல், யார் வீட்டுத் துணியோ, ஐந்து.

ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன், மணிகள் உரசுகிற சத்தம் மைக்கில் விழும், வேண்டாம் அத்தை என்று பையோடு வெளியே பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டார், போனும் அங்கேதான். பெட்டி மேல் பயனர் 17 என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. மரியபுஷ்பம் என்று ஒட்டக்கூடாதாம், யார் என்னவென்று தெரியக்கூடாதாம், அதுதான் பாதுகாப்பு. விரல் கணுக்களில் எண்ணிக்கொள்கிறேன். இரண்டாவது துண்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது, வார்த்தை நடுவில் உடைந்து உடைந்து, தேங்காய் என்பது தே… காய் என்று, பாவம் யார் வாயில் இப்படி ஆனது, இரண்டு. மூன்றாவதில் ஒரு ஆம்பளை, தாம்பரம் வண்டி போயிடுச்சா போயிடுச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், இது வாசித்தது இல்லை, நிஜமாக யாரோ பேசினது. அவர் வண்டியைப் பிடித்தாரா. மூன்று போட்டேன். இப்படித்தான் நடுநடுவே நிஜப் பேச்சுத் துண்டுகளும் வரும் என்று சொன்னார். இந்த நாற்பதில் எங்கோ ஒன்றாக என் அமலி இருக்கிறாள்.

தப்பு என்னுடையது. மூன்று வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தார், கையில் அல்வா வாங்கி வந்தார், அறுபது வயசுக் காதுகள் வேண்டும் அத்தை, எங்க ஆராய்ச்சிக்கு வாலிபப் பசங்க காதுதான் கிடைக்குது என்று என் போனை வாங்கி என்னவோ ஏற்றிக் கொடுத்தார். ஆங்கிலத்தில் நாலு பக்கம், கீழே கையெழுத்துப் போட்டேன், எட்டாவது படித்தவளுக்கு அதில் என்ன புரியும், புரிந்தாலும் மாப்பிள்ளை நீட்டுகிற தாளைப் படித்துப் பார்த்தா போடுவார்கள். அதிலிருந்து ஒவ்வொரு போன் பேசி முடித்ததும் ஐந்து நட்சத்திரம் வரும், இந்த அழைப்பு எப்படி இருந்தது என்று கேட்கும். நானும் போட்டேன். மஸ்கட்டிலிருந்து பெரியவன் கிளிட்டஸ் பேசினால் ஐந்து. சிலிண்டர்காரன் நாளைக்குத்தான் என்றால் மூன்று. என் தங்கை பேசினால், அவள் மருமகளைப் பற்றிப் பேசாத நாளில் நான்கு. எனக்கு அது பிடித்தே போய்விட்டது. சாயங்காலம் ஜெபத்துக்கு முன்னால் அன்றைய நாளைத் திரும்பப் பார்ப்பதுபோல் இருந்தது, யாரோ ஒருத்தர் அக்கறையாக, உன் பிள்ளைகள் பேசினார்களே, எப்படி இருந்தது என்று கேட்பதுபோல். ஒன்பதாம் தேதி பதினொன்றேகால் மணிக்கு அமலி பேசி வைத்த பிறகும் கேட்டது. ஒன்று போட்டேன். ஒன்று போட்டுவிட்டு அழுதேன், கேட்டவருக்காவது தெரியட்டும் என்று.

அரை மணி நேரம் முன்னால்தான் தெரியும், அது பேச்சுக்கு இல்லை, லைனுக்கு என்று. அவரேதான் சொன்னார், இந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டு, சிரித்து. “சில பேர் பேசின விஷயத்துக்கு மார்க் போட்டுடறாங்க அத்தை. மாமியார் திட்டினா ஒரு நட்சத்திரம்!” நானும் சிரித்தேன். சிரிப்பு முடிவதற்குள் அடுத்ததைச் சொன்னார். “உங்களோடது பூரா அஞ்சும் நாலும் மூணும்தான். ஒரே ஒரு ஒண்ணு, ஒன்பதாம் தேதி. என்னாச்சு அன்னிக்கு?” கரகரன்னு இருந்துச்சு மாப்பிள்ளை என்றேன், வாய் தானாகச் சொல்லியது. “அப்படியா, கணக்குல பாத்தா அந்த லைன்ல ஒரு சொட்டுக் குறை இல்லையே” என்று புருவத்தைச் சுருக்கினார், கோபமில்லை, ஆசை, எறும்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவர் முகம். பிறகு விதியைச் சொன்னார். பேச்செல்லாம் பூட்டுப் போட்டுத்தான் போகும், யாரும் கேட்க முடியாது. குறைந்த மார்க் விழுந்த அழைப்பிலிருந்து மட்டும் பத்து செகண்டை மெஷின் எடுத்து வைக்கும். அதையும் அவர் கேட்கக்கூடாது, யார் எண் என்றும் பார்க்கக்கூடாது, பேசினவரே இந்த அறையில் முதலில் கேட்க வேண்டும். நல்ல மார்க் போட்டால் கை தவறினது என்று அழித்துவிடுவார்கள். மறுபடியும் ஒன்றோ இரண்டோ விழுந்தால் நிஜக் கோளாறு, அப்போது பூட்டைத் திறந்து முழுப் பேச்சையும் குழுவில் உட்கார்ந்து கேட்பார்கள். “எந்தப் பத்து செகண்டு மாப்பிள்ளை?” என்று கேட்டேன். “மெஷினுக்குத்தான் தெரியும். உங்க காதே சொல்லட்டும் அத்தை. அப்புறம் ஒண்ணு, எவ்வளவு நேரத்துல அமுக்குறீங்கன்னும் பதிவாகும், சும்மா, கணக்குக்கு.”

ஒன்பதா பத்தா, எத்தனையாவது இது, கேக்குதா கேக்குதா என்று ஒரு பெண், அமலியா, இல்லை, வேறு யாரோ, குரல் தடித்தது. லைன் கெட்டால் எல்லோருக்கும் அதே வார்த்தைதான் வருகிறது, கேக்குதா. மூன்று. பதினொரு நிமிஷம் பேசினாள் அமலி. பதினொரு நிமிஷத்தில் பத்து செகண்டு என்றால் எத்தனை துண்டு, எந்தத் துண்டாக இருந்தால் பிழைக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஆரம்பமாக இருந்தால், “அம்மா, நான் கீழ் வீட்டு மீனாக்கா போன்லருந்து பேசுறேன்.” ஏன்டி உன் போனுக்கு என்ன. “ஒண்ணுமில்ல. அதுல பேசினா எத்தனை நிமிஷம்னு அவருக்குத் தெரியும்.” தெரிஞ்சா என்ன, புருஷன்தானே. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் பத்திரமாக இருக்கவேண்டுமென்று படியிறங்கிப் போய் வேறொருத்தி போனை வாங்கிப் பேசியிருக்கிறாள், என்னிடம் பேசினால் பத்திரம் என்று, அம்மாவிடம்தானே என்று, அந்த அம்மா கையில் இருந்த போனைத்தான் அவர் அல்வாவோடு வந்து திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கோயிலில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டில் மரச்சல்லடை இருக்கும், இந்தப் பக்கம் சொன்னது அந்தப் பக்கத்தோடு போய்விடும், சாமியார் செத்தாலும் வாய் திறக்க மாட்டார். சின்ன வயசில் அந்த இருட்டில் எனக்கு மூச்சு முட்டும். ஆனாலும் வெளியே வரும்போது லேசாக இருக்கும். இங்கே மூச்சு முட்டுகிறது, வெளியே போனால் என்ன இருக்கும்.

நடுவில் இருந்தால். “மெசேஜ் போட்டா நான் எத்தனை நிமிஷத்துல பாக்குறேன், எத்தனை நிமிஷத்துல பதில் போடறேன்னு எழுதி வைக்கிறாரும்மா. முந்தாநாள் நாப்பத்தோரு நிமிஷம் ஆயிடுச்சு. ஜோவிக்குக் காய்ச்சல், மடியில தூங்கிட்டா, போன் ஹால்ல கிடந்துச்சுன்னேன். பிள்ளய எழுப்பிக் கேட்டாரும்மா. அம்மா உன்னை மடியில வச்சிருந்தாங்களான்னு. நாலு வயசுப் பிள்ளகிட்ட. காய்ச்சல்ல அது முழிக்குது, ஆமான்னு சொல்லணுமா இல்லன்னு சொல்லணுமான்னு என்னையே பாக்குது.” கத்தினாரா என்று கேட்டேன். குரலே உயர்த்தவில்லை என்றாள். அடிக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றாள். மாதாவே, எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது, அதை யாரிடம் சொல்வேன், இல்லை என்று அவள் சொன்னதும் மூச்சை விட்டேன், அது அவளுக்குக் கேட்டிருக்கும். அப்ப என்னடி, ஆம்பளைக்கு ஒரு குணம் இருக்கும் என்றேன். பதினெட்டு. துணியை மழைக்கு முன் எடுத்து வை, மறுபடியும் அதே துணி, இந்த முறை குரல் பாத்திரத்துக்குள் கேட்பதுபோல், ஒன்று. குரலைக் கேட்டுத்தான் நான் இவரைப் பிடித்தேன். பெண் பார்க்க வருவதற்கு முன்னால் போனில் பேசினார், அத்தை நல்லா இருக்கீங்களா, மாமா போனதுக்கப்புறம் தனியா எப்படிச் சமாளிக்கிறீங்க என்று, பட்டு மாதிரி, ஒரு வார்த்தை மேலே போகாது கீழே போகாது. வேறு இரண்டு வரன் இருந்தது. ஒருத்தன் போனில் எரிந்து விழுகிறமாதிரி பேசினான், பின்னால் டி.வி. வேறு, வேண்டாம் என்றேன். அப்போதே நான் மார்க் போட்டிருக்கிறேன். என்ன பேசினார் என்பதற்கு இல்லை. எப்படிக் கேட்டது என்பதற்கு.

கண்ணாடியில் அவர் தலை குனிந்திருக்கிறது, திரையைப் பார்க்கிறார், நான் அமுக்குகிறது ஒவ்வொன்றும் அங்கே விழும்போல. வேர்வை ஜாக்கெட்டுக்குள் இறங்குகிறது. சிவப்பை அமுக்கினால் கதவு திறக்கும், காற்று வரும், அவரும் படிவத்தோடு வருவார், ஏன் அத்தை, என்ன அத்தை, மெதுவாக, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு. மாட்டேன். இருபத்தாறு, நான்கு. இருபத்தேழு, ஒரு சின்னப் பையன் பாட்டுப் பாடி நடுவில் மறந்துவிடுகிறான், ஐந்து, மறந்தாலும் ஐந்து. ஒன்பதாம் தேதிக்கு அப்புறம் அமலி நாலு முறை பேசினாள், தன் போனிலிருந்து. நல்லா இருக்கேம்மா. ஜோவி நல்லா இருக்கா. வைக்கட்டுமா. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம்கூட இல்லை. நான் பாரு, ஜெபம் கேட்கப்பட்டது என்று தோத்திரம் சொல்லி அந்த நாலுக்கும் ஐந்து ஐந்தாகப் போட்டேன். கடைசித் துண்டாக இருந்தால். கடைசியில் என்ன பேசினோம். ஜோவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடட்டுமா என்று கேட்டாள். நான் வராதே என்று சொல்லவில்லை. அதை மட்டும் சொல்லவில்லை, இரண்டு வாரமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அப்படிச் சொல்கிற தாயில்லை நான். யோசிப்போம், ஜெபம் பண்ணுவோம், பங்குக் கோயிலில் நாலு பேர் என்ன சொல்வார்கள் பார், பண்டிகை போகட்டும், அப்படித்தான் ஏதோ சொன்னேன். அந்தத் துண்டாக இருந்தால் போதும், அவள் கேட்கிற ஒரு வார்த்தை போதும் அவருக்கு. வந்துரட்டுமா. முப்பது. தே காய். இரண்டு.

“…கூட்டிட்டு வந்துரட்டுமாம்மா?” காதுக்குள். நடு மண்டைக்குள். எவ்வளவு பக்கத்தில், போனில் இத்தனை பக்கத்தில் இல்லை இவள், எச்சில் விழுங்குவது கேட்கிறது, மூக்கு அடைத்திருக்கிறது, அழுதுவிட்டுத்தான் போனை எடுத்திருக்கிறாள், எனக்கு அன்றைக்கு இது கேட்கவேயில்லையே. பிறகு ஒன்றுமில்லை. லைன் போய்விட்டதா என்று பார்த்தால் போகவில்லை, என் வீட்டு ஃபேன் ஓடுகிறது, பக்கத்து வீட்டு மிக்சி ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது, என் மூச்சு, ஆமாம் என் மூச்சுத்தான், ஒன்று, இரண்டு, மூன்று, மிக்சி நின்ற பிறகும் நான் பேசவில்லை, பேசு புஷ்பம், ஏதாவது பேசேன், நான்கு, ஐந்து, அவள் அங்கே போனைக் காதில் அழுத்துகிறது சரசரக்கிறது. “அம்மா? கேக்குதா?” “கேக்குது. நீ சாப்டியா?” முடிந்தது. பலகையில் ஒன்றிலிருந்து ஐந்து வரை வெளிச்சம் போட்டு நிற்கிறது. யோசிப்போம் என்றேனே, ஜெபம் என்றேனே, அதெல்லாம் அப்புறமா, அதற்கு முன்னால் இது இருந்ததா. கேக்குது என்றிருக்கிறேன். கேட்டிருக்கிறது. லைனில் ஒரு சொட்டுக் குறையில்லை, அவர் சொன்னது சரி, குறையெல்லாம் நான் பேசாமல் இருந்த இடத்தில். என் கை ஒன்றுக்குப் போகிறது. இதற்கு ஒன்றுதான், உலகத்தில் எதற்காவது ஒன்று என்றால் இதற்குத்தான், தெரியாமல் போட்டாலும் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். ஒன்று போட்டால் பூட்டைத் திறப்பார்கள். கண்ணாடியில் அவர் தலை நிமிர்கிறது. சேசுவே, என்னை இப்படியா கேட்பீர். மிக நன்று என்று எழுதியிருக்கிற பொத்தான் மேல் விரலை வைத்து, என் பிள்ளை கேட்டதற்கும் நான் சொல்லாததற்கும், ஐந்து.

மீதி ஒன்பதும் என்ன வந்தது, என்ன அமுக்கினேன், தெரியாது. கதவு திறந்தபோது சத்தம் வெள்ளமாக உள்ளே வந்தது, எங்கோ டம்ளர் விழுகிறது, யாரோ சிரிக்கிறார்கள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

“முப்பத்தொண்ணு உங்களோடது அத்தை. அஞ்சு போட்டிருக்கீங்க.”

“அப்படியா மாப்பிள்ளை. எல்லாம் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு.”

“அப்ப அன்னிக்கு ஒண்ணு?”

“கண்ணாடி போடாம அமுக்கியிருப்பேன்.”

சிரித்தார். என்னவோ தட்டினார், அழிந்தது என்றார். நான் தண்ணீரைக் குடித்தேன். பிறகு அதே பட்டுக் குரலில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆனா ஒண்ணு அத்தை. மத்ததுக்கெல்லாம் ரெண்டு செகண்டு, மூணு செகண்டு. அது ஒண்ணுக்கு மட்டும் எட்டு. ஏன்?”

எட்டு செகண்டு. கோபமில்லை, மிரட்டல் இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம், பதில் வரும்வரை நகராத முகம். அறுபத்திரண்டு வயசு, இவருக்குப் பெண் கொடுத்தவள், எட்டு செகண்டுக்கு நான் காரணம் தேடி மூளைக்குள் ஓடுகிறேன், என்ன சொன்னால் நம்புவார், எதைச் சொன்னால் அடுத்த கேள்வி வராது, என் முகம் எப்படி இருக்கிறது, தண்ணீரை இப்போது குடிக்கலாமா கூடாதா. உள்ளே காத்து இல்ல மாப்பிள்ளை, லேசாத் தலை சுத்துச்சு என்றேன். “ஓ” என்றார். நம்பினார் என்றும் தெரியவில்லை, இல்லை என்றும் தெரியவில்லை. எட்டு செகண்டுக்கே எனக்கு இப்படி. அவளிடம் நாற்பத்தோரு நிமிஷத்துக்குக் கேட்டிருக்கிறார், காய்ச்சல் பிள்ளையை மடியில் வைத்திருந்தவளிடம், ஐந்து வருஷமாக, தினமும். அதைத்தான் அவள் பதினொரு நிமிஷம் சொல்லியிருக்கிறாள். ஒரு குணம் என்றேன் நான்.

“நாலு மணி வரைக்கும் எனக்கு ஆளுங்க இருக்காங்க அத்தை. கேன்டீன்ல உக்காருங்க, நானே வீட்ல விட்டுடறேன்.”

“வேண்டாம் மாப்பிள்ளை. நான் ஆட்டோவுல போயிக்கிறேன்.”

பெட்டியைத் திறந்தேன். பையை எடுத்தேன். போன் கையில் வந்ததும் அமலி பெயரைத் தேடப் போன விரல் நின்றுவிட்டது. இதில் என்ன பேசினாலும் இவர் வீட்டு வாசல் வழியாகத்தான் போகும். அவள் போனும் அப்படித்தான். மீனாக்கா எண்ணுக்குப் போட்டாலும் இதிலிருந்துதான் போக வேண்டும். பேசி ஆகப்போவது என்ன, பேச வேண்டிய நேரத்தில் பேசாதவள். போனைத் திரும்ப அந்தப் பெட்டியிலேயே, பயனர் பதினேழு என்ற சீட்டுக்குக் கீழேயே வைத்து மூடினேன். வெளியே பதினொரு மணி வெயிலில் கண் கூசியது. அவள் வாசலில் கேமரா இருக்கிறது, நான் படியேறுவது, மணியடிப்பது எல்லாம் அவருக்குப் போகும், எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம் என்று. போகட்டும். கதவைத் திறந்ததும் ஏம்மா திடீர்னு என்பாள், பயந்துபோய் எனக்குப் பின்னால் யார் என்று பார்ப்பாள். அவளே மனசு மாறியிருக்கலாம், பண்டிகை போகட்டும்மா என்று என் வார்த்தையையே எனக்குத் திருப்பித் தரலாம். தந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நிழலில் நின்ற ஆட்டோக்காரர் பேப்பரை மடித்து வைத்தார்.

“எங்கம்மா?”

“மேடவாக்கம், பொண்ணு வீடு. அங்கருந்து பெரம்பூர், என் வீடு.”

“ரெண்டும் ரெண்டு பக்கமாச்சே! நீங்க ஒரு ஆளா?”

“இப்ப ஒரு ஆளு” என்று ஏறி உட்கார்ந்தேன். “வரும்போது மூணு பேரு. அதுல ஒண்ணு சின்னப் பிள்ள.”

“லக்கேஜ் இருக்குமா?”

“தெரியலப்பா. கைக்கு வர்றது வரும். நீ வண்டிய எடு.”